கிணற்றைச் சுற்றிய தடம்

பாடசாலையின் வாயிற்கதவு மூடப்பட்ட பின்னர், பிந்தி வந்த மாணவியரோடு தாமும் ஒருவராக வெளியே நின்ற ஆசிரியை என் பணிக்காலத்தில் ஒருவர்தான். காவலாளி பதறிக்கொண்டு கதவைத் திறக்க வந்தார்.

"டீச்சர், நீங்க வாங்க. இது புள்ளையளுக்குப் போட்ட சட்டம்."

"புள்ளையளுக்கு எண்டு ஆரு சென்ன? மணி அடிச்ச பிறகு கதவு துறக்கப்படாது எண்டுதானே இரிக்கி. மூடுங்க."

பாடசாலை அதிபர் வந்து அழைத்தும் அவர் அசையவில்லை. முதற் பாடவேளை முடியும்வரை வெயிலில் நின்றார். மாணவியருக்கு அது வேடிக்கை. சக ஆசிரியைகளான எங்களுக்கு எரிச்சல், ஏனெனில் மறுநாள் முதல் நாங்கள் எல்லோரும் நேரத்துக்குப் போகவேண்டியதாயிற்று.

அவர் புவியியல் கற்பித்தார், நான் தமிழ் கற்பித்தேன். மருதமுனையில் எங்கள் இருவர் வீடுகளுக்கும் பொதுவாக ஒரு மதில் இருந்தது. என்னிலும் நாலைந்து வயது மூத்தவர் ஆதலால் ராத்தா என்றே அழைத்து வந்தேன். நான் ஊரைவிட்டு மகளோடு வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் யாராவது ஒரு விதியைச் சுட்டிக்காட்டி என்னைத் தடுத்தால், என் வாய்க்கு முன்னால் அவருடைய கேள்விதான் வருகிறது: "இது சட்டமா, வழமையா?"

நோன்பு காலத்தில் ஒருநாள் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது. தெருவே பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்கொலிக்குக் காத்திருந்தது. மதிலுக்கு அப்பாலிருந்து அவருடைய குரல் வந்தது.

"டீச்சர், பொழுது பட்டுட்டு. துறங்க."

"பாங்கு கேக்கல்லயே ராத்தா."

"நோன்பு துறக்கிறது பொழுது பட்டா. ஸ்பீக்கர் திருந்தினா இல்ல."

என் வீட்டில் ஒருவரும் துறக்கவில்லை. அவர் தண்ணீர் குடிக்கும் ஓசை அமைதியில் தெளிவாகக் கேட்டது. என் கணவருக்கு அன்று வந்த கோபம் பெருநாள்வரை தணியவில்லை. ஆனால் ராத்தா சொன்னதில் பிழை காண எவராலும் இயலவில்லை, அதுதான் பலரை அவரிடமிருந்து விலக்கியது. சட்டம் கேட்டதை முழுவதும் கொடுப்பார், சட்டம் கேளாததை ஊரே சேர்ந்து கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

அவருடைய கணவர் கட்டாரில் நெடுங்காலம் வேலை பார்த்தவர். அங்கே விடுமுறை நாள்களில் மணலிலும் கல்லிலும் துவிச்சக்கரவண்டி ஓட்டும் கூட்டமொன்றோடு பழகி, அதையே மூச்சாக்கிக்கொண்டார். எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற காலத்தில் அவர் ஒரேயடியாக ஊர் திரும்பினார். உறவினர் பெட்டிகளைச் சுற்றி நின்றார்கள். பெரிய பெட்டியைப் பிரித்தபோது இரண்டு உருக்குச் சட்டங்களும், தடித்த டயர்களும், கட்டுக் கட்டாகக் கம்பிகளும் வெளிவந்தன. சவர்க்காரமும் வாசனைத் திரவியமும் எதிர்பார்த்து வந்தவர்கள் தேநீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வண்டி அவருக்கு, மற்றது மனைவிக்கு. பிள்ளைகள் இல்லாத அவ்விருவரும் ஒரு பயணத்துக்கு நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். தார்ச்சாலையைத் தொடாமல், வயல்வட்டைகளுக்கூடாகவும் குளக்கட்டுகள் வழியாகவும் போய், காட்டோரச் சரளைக் கிரவல் பாதைகளால் மகியங்கனைப் பக்கம் ஏறி, அங்கிருந்து மலைக்கு. கூடாரமும் சமையலும் வண்டியிலேயே. "கரும்பலகையில இந்த ஆறுகள எத்தின வருசமா நீலச் சோக்கால கீறிட்டிரிக்கன்" என்றார் என்னிடம். "ஒண்டுலயாவது கால நனைக்க வேணாமா?"

நடுத்தர வயதுப் பெண் சைக்கிளில் ஏறுவது எங்கள் ஊருக்குப் புதிது. ஸ்கூட்டியில் போகும் பெண்ணைத் திரும்பிப் பாராதவர்கள், சைக்கிளில் போகும் பெண்ணைக் கடை வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். கணவரின் பழைய சைக்கிளில் அவர் கடற்கரை வீதியால் பழகிய நாள்களில், உறவுக்கார மாமி ஒருவர் வழிமறித்தார்.

"என்ன புள்ள இது? பொம்பிளையள் ஏறுற சாமானா இது?"

"சட்டமா மாமி, வழமையா?"

"வழமதான்."

"அப்ப விலகுங்க, பிரேக் புடிக்குதில்ல."

கணவர் முதலில் தம் வண்டியைப் பூட்டி முடித்தார். மனைவியின் வண்டி பெட்டியில் பகுதிகளாகவே கிடந்தது. ஒரு நாள் பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பின், தம் வண்டியின் பிரேக் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மௌத்தானார்.

கணவனை இழந்த பெண் குறிப்பிட்ட காலம்வரை வீட்டுக்குள் இருக்கவேண்டிய இத்தாவை அவர் அன்றே தொடங்கினார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மணம் முடிப்பார்கள், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். ஆகவே அவர் இருந்தது அவருக்கே சொந்தமான வீடு. தந்தை அவருக்காகக் கட்டியது. தெருவில் போகிறவரின் தலைகூடத் தெரியாதபடி மதிலை உயர்த்திக் கட்டியவரும் அதே தந்தைதான். கடல் இரண்டு தெரு தள்ளி இருந்தது. அதன் ஓசை உள்ளே வரும், காற்றுக்கூட அவ்வளவாக வராது.

உறவுப் பெண்கள் ஜன்னல்களில் சீலை கட்டினார்கள், முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றினார்கள், உள்ளறையில் பாய் விரித்தார்கள். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுநாள் ஒவ்வொன்றாகக் கேட்டார். நகை அணியக்கூடாது, சரி, கழற்றினார். நறுமணம் கூடாது, வாசனைச் சவர்க்காரத்தையும் என்னிடம் தந்துவிட்டார். தேவையின்றி வாயிலைத் தாண்டக்கூடாது, தலையசைத்தார். ஜன்னலை மூடவேண்டும் என்பது எங்கே இருக்கிறது என்று கேட்டபோது, எப்போதும் அப்படித்தான் என்றார்கள். சீலையைக் கழற்றி மடித்துக் கொடுத்தார். பிறகு கணவரின் கருவிப் பையை எடுத்துக்கொண்டு, மண்டபத்தில் கிடந்த பெட்டியின் முன் உட்கார்ந்தார்.

பாடசாலை விட்டு வந்ததும் நான் அவரிடம் போவேன். பெரும்பாலும் எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பதே என் வேலை. கைத்தொலைபேசியில் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சக்கரச் சில்லின் நடு உருளையிலிருந்து வளையத்துக்குக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கோத்தார். முன் சில்லு முழுவதும் கோத்து முடிந்தபோதுதான், காற்றடிக்கும் வால்வின் துளை, இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும் இடத்துக்கு நேர்கீழே அகப்பட்டிருப்பதைக் கண்டார். பம்பின் தலையைச் சரித்துத்தான் நுழைக்கவேண்டியிருந்தது.

"நுழையுதுதானே ராத்தா. விடுங்க."

"காட்டுக்குள்ள, மழையில, இருட்டுப்படக்கொள்ள நுழையுமா?"

முழுவதையும் அவிழ்த்தார். இரண்டு நாள் வேலை தரையில் கிடந்தது. மீண்டும் கோத்த பின், சில்லின் இருபுறமும் நூல் கட்டி, சுழற்றிப் பார்த்து, நூலில் உரசும் பக்கத்துக் கம்பியை இறுக்கியும் எதிர்ப்பக்கத்தை இளக்கியும் நேராக்கினார். தலைகீழாக நிறுத்திய வண்டியில் அந்தச் சில்லு சுழன்றுகொண்டேயிருக்கும். எங்கும் போகாத ஒரு சில்லு அவ்வளவு வேகமாகச் சுழல்வதை அந்த மண்டபத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு மூச்சுமுட்டலாக இருந்தது. அவருக்கு எப்படி இருந்ததோ தெரியாது. அவர் அதைக் கையால் நிறுத்தமாட்டார், தானாக ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

நெல் காயவிடும் படங்கை வெட்டி, சட்டத்தின் முக்கோணத்துக்குள் அடங்கும் பையொன்றும், ஆசனத்தின் கீழ்த் தொங்கும் பையொன்றும் தைத்தார். தண்ணீர்ப் போத்தல்களைச் சட்டத்தோடு இறுக்கிக் கட்டினார். வறண்ட பக்கத்தில் குடிக்கவும் வேண்டும், தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுழுச் செய்யவும் வேண்டும் என்று கணக்குப் பார்த்தார். வண்டி முழுமை பெற்ற அன்று அதை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றார்.

"எங்க ஓட்டுற? வெளிய போகேலாதே."

"வெளிய ஆரு போற?"

பின்வளவில் கிணற்றுக்கும் தென்னைக்கும் மதிலுக்கும் இடையில் கொஞ்சம் மணல் நிலம் இருந்தது. அதில் ஏறிச் சுற்றத் தொடங்கினார். கிணற்றை வலம்வந்து, தென்னையைத் தாண்டி, மதிலோரமாகத் திரும்பி மீண்டும் கிணறு. முதலில் மணல் சில்லை விழுங்கியது. டயரில் காற்றை இறக்கினார், பிறகு ஓடியது. அன்றிலிருந்து ஒவ்வொரு மாலையும் பைகளில் அரிசியும் செங்கல்லும் நிரப்பிச் சுமையோடு சுற்றினார். சில கிழமைகளில் மணலில் ஒரு வட்டத் தடம் வாய்க்கால்போல் பதிந்துவிட்டது.

துக்கம் விசாரிக்க வந்த பெண்கள் சிலர் அதைக் கண்ணால் கண்டார்கள். பின்கதவால் எட்டிப்பார்த்த ஒருவர் தலையில் கைவைத்தார்.

"யா அல்லாஹ்! கபுறு மண் காயல்ல. மௌத்தான ஊட்டுல சைக்கிள் ஓட்டமா?"

அவர் நிறுத்தாமலே அடுத்த சுற்றில் பதில் சொன்னார்: "ஊட்டுக்குள்ளதானே மாமி இரிக்கன்." சுற்றிப்போய் மீண்டும் வந்து, "உக்காருங்க, முடிச்சிட்டு வாறன்" என்றார். அவர்கள் உட்காரவில்லை. அன்றிரவே அந்தச் செய்தி பக்கத்து ஊரான பெரியநீலாவணை வரை போயிருக்கும்.

அவருக்கு உடன்பிறந்தவர் ஒரேயொரு மூத்த சகோதரர், காக்கா என்று அழைப்பார். கல்முனை பசாரில் துணிக்கடை வைத்திருந்தார். பருத்த உடம்பு, முழங்கால் வலி, சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. தங்கையின் வீட்டுக்கு நாள்தோறும் சாமான் வாங்கி வந்து கொடுத்தவர் அவரே. ஒரு மாலை நான் குசினியில் தேநீர் வைத்துக்கொண்டிருந்தேன். மண்டபத்தில் காக்கா பேசியது கேட்டது.

"இத்தா முடிஞ்சா இந்த ரெண்டையும் குடுத்துப் போடுவம் புள்ள. ஊடு இரும்புக் கட மாதிரிக் கிடக்கு."

"குடுக்கிறதுக்கில்ல காக்கா. போறதுக்கு."

"எங்க?"

"நாங்க போக இரிந்த இடத்துக்கு."

காக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "சரி. நீ ஊருலயெல்லாம் கேக்கிற கேள்விய நான் ஒருக்காக் கேக்கன். மஹ்ரம் இல்லாம ஒரு பொம்பிள தூரப் பயணம் போகேலாது. அது சட்டமா, வழமையா? செல்லு பாப்பம்."

கணவனோ, மணமுடிக்க விலக்கப்பட்ட நெருங்கிய ஆண் உறவினரோ உடன்வராமல் ஒரு பெண் தூரப் பயணம் போகலாகாது என்பது ராத்தா ஏற்றிருந்த விதி. கணவர் இல்லை, மகன் இல்லை, தந்தை இல்லை. காக்காவுக்கும் பெண்பிள்ளைகளே. வண்டி முடுக்கும் சாவியொன்று தரையில் விழும் ஓசை கேட்டது. பிறகு ராத்தா சொன்னார்:

"சட்டம்."

"அவ்வளவுதான். நான் வாறன்" என்று காக்கா எழுந்து போனார். அவருடைய குரலில் வெற்றி இருந்ததா, இரக்கம் இருந்ததா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை.

மறுநாள் நான் வாதாடினேன். "பெண்கள் கூட்டமாப் போனாப் போதும் எண்டு செல்ற ஆலிம்களும் இரிக்காங்க ராத்தா. கனபேர் போறாங்கதானே."

"இரிக்காங்க. நானும் வாசிச்சிரிக்கன். அவங்களப் பிழை எண்டு நான் செல்லல்ல. ஆனா நான் இவ்வளவு காலமும் படிச்சி நம்பி வந்தது மற்றது. எனக்கு ஒரு சைக்கிள் வந்திட்டெண்டு நம்பிக்கைய மாத்தினா அதுக்கு என்ன பேரு டீச்சர்? ஜன்னல் சீலையக் கழட்டக்கொள்ள எனக்குச் சட்டம் வேணும், போறதுக்கு மட்டும் வேணாமா?"

ஊரின் வழமைகளையெல்லாம் அறுத்துக்கொண்டு அவர் வெளிவந்தது எந்தக் கத்தியாலோ, அதே கத்தி இப்போது வாயிலில் குறுக்கே கிடந்தது. மதிலைத் தந்தை கட்டினார், சீலையை உறவினர் கட்டினர், இந்தக் கடைசிக் கட்டை மட்டும் அவர் தாமே போட்டுக்கொண்டார். அன்று மாலையும் கிணற்றைச் சுற்றினார். தடத்தில் சில்லு இறங்கி ஓடியதால் கைப்பிடியைத் திருப்ப வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

அதன் பின் ஒரு கிழமைக்குள் அவர் முகம் மாறியது. காக்கா சாமானோடு வந்தபோது, "காக்கா, கொஞ்சம் நில்லுங்க" என்றார். கையில் தையல் நாடா.

"என்னத்துக்கு?"

"எல்லாருக்கும் அளக்கிற நீங்கதானே. இண்டைக்கு உங்கள அளப்பம்." காலின் உட்புற நீளத்தை அளந்துகொண்டே, "நீங்க எனக்கு மஹ்ரம்தானே?" என்று கேட்டார்.

காக்காவுக்குப் புரியச் சற்று நேரமெடுத்தது. புரிந்ததும் அவர் வாய்விட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது. "உனக்குப் பைத்தியம் புள்ள. இந்த உடம்பயா? ஆனை கண்டா அது என்னத் தன்ட சாதி எண்டு கூட்டிட்டுப் போயிரும்." பிறகு பல நாள் அவர் அந்தப் பக்கம் வரவில்லை, சாமானை வேலைக்காரனிடம் கொடுத்தனுப்பினார். அவரை மீண்டும் அனுப்பிவைத்தவர் அவருடைய மனைவி. "டொக்டர் நடங்க எண்டா கடையில குந்துறீங்க. தங்கச்சி ஓடுங்க எண்டா ஒளிக்கிறீங்க. சீனி உங்களுக்கா எனக்கா?" என்று கேட்டாராம்.

அவர் வருவதற்கு முன்பே தங்கை, கணவரின் வண்டியைக் காக்காவின் அளவுக்கு மாற்றத் தொடங்கியிருந்தார். வயிறு இடிக்காதபடி கைப்பிடியை உயர்த்தினார். அகன்ற ஆசனம் ஒன்று பூட்டினார். ஆசனத் தண்டை இறக்கவேண்டியிருந்தது. கணவர் நெட்டையர், காக்கா குட்டை. தண்டில், பூட்டு இறுக்கியிருந்த இடத்தில் ஒரு வளையம்போலக் கீறல் இருந்தது. கணவரின் கால் நீளம் அந்தக் கீறல். அவர் அதை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டுத் தண்டை உள்ளே இறக்கி இறுக்கினார். கீறல் குழாய்க்குள் மறைந்தது. என்னிடம் எண்ணெய்த் துணியைக் கேட்டார்.

இத்தா முடிந்து, குளித்து, வந்த பெண்களுக்குச் சோறு கொடுத்து அனுப்பிய பின், அடுத்த கிழமை ஒரு விடியற்காலை ஸுபஹுத் தொழுகையோடு அவர்கள் புறப்பட்டார்கள். காக்கா முன்னால், தளம்பித் தளம்பி. தங்கை பின்னால், முழுச் சுமையோடு. தெருவில் யாரோ, "காக்கா, கட துறக்கல்லயா?" என்று கத்த, அவர் திரும்பிப் பார்த்து மதகில் மோதப் பார்த்தார். மலைவரை போவார்கள் என்று நான் நம்பவில்லை. நம்பவேண்டும் என்று மட்டும் விரும்பினேன்.

அன்று பொழுதுபடும்போது ஒரு சிறிய லொறி தெருவில் நின்றது. இரண்டு வண்டிகளும் அதிலிருந்து இறங்கின. அவர் என்னைக் கண்டு, "காக்காட முழங்கால் வீங்கிட்டு" என்று மட்டும் சொல்லி உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பாடசாலைக்கு வந்தார், ஆறுகளைக் கீறினார்.

என்ன நடந்தது என்பதைக் காக்காதான், நான் சீருடைத் துணி வாங்கப்போன ஒருநாள், கடையில் வைத்துச் சொன்னார்.

"அம்பாறைக்கு அங்கால ஒரு குளம் வரைக்கும் போனம் டீச்சர். குளக்கட்டுல கிரவல் தொடங்குது. அவ்வளவுதான், என்ட கால் மடியல்ல. மருதமரத்துக்குக் கீழ குந்திட்டன். லொறிக்காரனுக்குக் கோல் எடுத்தா, பின்னேரம்தான் வருவன் எண்டான். 'திரும்புவம் காக்கா' எண்டா அவ. எனக்கு அது பெருங் கவலையாப் போச்சு. 'லொறி வரும் வரைக்கும் இந்தக் கட்டால போய் வா, நான் பாத்திட்டிரிக்கன்' எண்டன்."

ராத்தா போயிருக்கிறார். கட்டின் நீளத்துக்கு ஓடி, அது வளைந்து பற்றைக்காட்டுக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னே திரும்பி வந்திருக்கிறார். மீண்டும் போய், மீண்டும் அதே இடத்தில் திரும்பியிருக்கிறார்.

"ஏன் புள்ள அந்த வளைவோட திரும்பிற, அங்கால போய்ப் பாரன் எண்டு கேட்டன். 'அங்கால போனா நீங்க என்னக் காணமாட்டீங்களே' எண்டா. ஆடு கட்டின கயிறு மாதிரி டீச்சர், என்ட கண்ணு எட்டுற அளவு மட்டும் போறா, வாறா. எனக்குப் பாத்துட்டிரிக்க ஏலல்ல. எழும்பி, காலை இழுத்துக்கிட்டு, அந்த வளைவு வரைக்கும் நடந்தன். 'இப்ப இஞ்ச நிக்கன். போ' எண்டன்."

"போனாவா?"

"போனா. நேரான பாதை கொஞ்சத் தூரம். பிறகு பத்தை. அதுக்குள்ள பூந்திட்டா. சில்லுச் சத்தமும் இல்ல. ஆனை நிக்குமோ எண்டும் பயம். கூப்பிட்டா வந்திரிப்பா." துணியை அளந்துகொண்டிருந்த கை நின்றது. "நான் கூப்பிடல்ல டீச்சர். குளத்துப் பக்கம் திரும்பிக்கிட்டு நிண்டன். லொறிக்காரன் வந்து ஹோன் அடிச்சும் நான் அசையல்ல, நில்லு எண்டு கைய மட்டும் காட்டினன். நல்ல நேரத்துக்குப் பிறகு வந்தா. உடம்பெல்லாம் புழுதி, முழங்கால் வரைக்கும் ஈரம். எங்கயோ ஆத்தக் கடந்திரிக்கா. வந்து முதல் கேட்டது, 'காக்கா, நான் போன இடமெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சுதா?' எண்டு."

"நீங்க என்ன சென்ன?"

"'ஓம், கடசி வரைக்கும் தெரிஞ்சுது' எண்டன்."

"நம்பினாவா?"

"என்ட முகத்த நல்லாப் பாத்தா. பிறகு ஒண்டும் கேக்கல்ல."

ராத்தாவைத் தெரிந்த காலம் முழுவதும், ஒரு பதிலோடு அவர் ஒரு கேள்வியை விட்டதை நான் கண்டதில்லை. காக்கா துணியைக் கத்தரித்து, மடித்து, என் பக்கம் தள்ளினார்.

"அந்தப் பொய்க்கு மறுமையில நான் பதில் செல்லிக்கிறன் டீச்சர்" என்றார். "அவ பதில் செல்லத் தேவையில்ல."